வீட்டில் யார் இருக்கா?

ஒன்பதாம் மாசம் பிறந்துவிட்டால் ஒரு கர்ப்பிணியிடம் கேட்க எத்தனையோ இருக்கிறது. கால் வீங்குகிறதா, தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா, குழந்தை நன்றாகத் துடிக்கிறதா, இரும்புச்சத்து மாத்திரை உள்ளே போகிறதா அல்லது குப்பைமேட்டுக்குப் போகிறதா. இவற்றுக்கெல்லாம் தாய் சேய் நல அட்டையில் கட்டம் போட்டு அச்சடித்திருப்பார்கள். அச்சடிக்காத கேள்வி ஒன்று உண்டு. என் வேலையில் அதுதான் முதல் கேள்வியாகிப் போனது: "நீ ஆஸ்பத்திரிக்கு வந்துட்டா வீட்ல யாரு இருக்கா?"

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் யாரும் அந்த முழுப் பெயரைச் சொன்னதில்லை, நர்சம்மாதான். முதலில் ஜவ்வாது மலையில் வேலை. அப்புறம் ஓய்வு பெறும்வரை பாலாற்றின் தென்கரையில், திருமுக்கூடலைச் சுற்றியிருக்கிற ஊர்களில். மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 3,000 பேர், சமவெளியில் 5,000 பேர் என்பது கணக்கு. மலையில் ஆள் குறைவு, நடை அதிகம். இங்கே நடை குறைவு, ரெஜிஸ்டர் அதிகம்.

திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. கரைமேல் வெங்கடேசப் பெருமாள் கோயில். ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் பழையசீவரம்; காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற சாலை அந்தக் கரையோடு போகிறது. காஞ்சிபுரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டு ஞாபகம் வரும். தறிச்சத்தம் கேட்க வேண்டுமானால் ஆற்றைத் தாண்டி அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைப் பக்கம் போக வேண்டும். எங்கள் கரையில் நெல், கல்குவாரி, கிரஷர், செங்கல் சூளை, ராத்திரி பகலாக ஓடுகிற லாரி.

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்கு வருவார். ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கும் எழுந்தருளுவார். சுற்றுப்பட்டுப் பெருமாள்களும் வந்து சேருவார்கள். எனக்கு அந்தத் திருவிழா இன்னொரு வகையில் உதவியது. கடைசியாகத் தீட்டு வந்த தேதி என்ன என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. "தெரியலயே நர்சம்மா. பார்வேட்டைக்கு சாமி வந்தாரே, அன்னிக்கு நான் கோயிலுக்குப் போவல" என்பாள் ஒருத்தி. அது போதும். ஜனவரி 16. அதோடு ஏழு நாள் கூட்டினால் 23. மூன்று மாதம் பின்னுக்குப் போனால் அக்டோபர் 23. ஆடிக் கிருத்திகை, மயானக்கொள்ளை, பொங்கல் என்று நாட்காட்டி முழுக்க இப்படிக் கொக்கி போட்டு வைத்திருந்தேன்.

தேதி கிடைத்ததும் அந்தத் தேதியில் ஊர் எப்படி இருக்கும் என்றும் பார்க்க வேண்டும். அக்டோபர் கடைசி என்றால் வடகிழக்குப் பருவமழை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலாகக் கிடக்கிற பாலாறு, வந்தால் ஒரேயடியாக வரும். 2021 நவம்பர் வெள்ளத்தில் வாலாஜாபாத்துக்கும் அவளூருக்கும் நடுவே இருந்த தரைப்பாலம் உடைந்தே போனது. மழைத்தேதி விழுந்த பெண்களின் பெயரைச் சிவப்பு மையில் எழுதிக்கொள்வேன். அவர்களுக்கு வலி வந்த பிறகு வண்டி கூப்பிடுவது காரியத்துக்கு ஆகாது. வலி வருமுன் சரியான கரையில் இருக்க வேண்டும்.

*

பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கிக் காத்திருப்பதற்கென்று ஓர் அறை என்பதை நான் முதலில் பார்த்தது மலையில். தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபின், மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவ காத்திருப்பு அறைகள் ஏற்பட்டன. நிலையத்தை ஒட்டி ஓர் அறை, கட்டில்கள், மின்விசிறி, கழிவறை. தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பாகவே கர்ப்பிணி வந்துவிடலாம். துணைக்கு ஒருவர் இருக்கலாம். சாப்பாடு உண்டு.

மலையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே குக்கிராமத்திலிருந்து தார்ச்சாலைக்கு வரவே டோலி கட்ட வேண்டும். மூங்கிலில் போர்வையைக் கட்டி அதில் அவளை உட்கார வைத்து, முன்னும் பின்னும் ஆள் மாற்றி மாற்றித் தூக்கி வருவார்கள். 108 வண்டி தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் வண்டி நிற்கிற இடம் வரைக்கும் வருவது அவள் பாடு. நாலாவது பிரசவம் என்றால் குழந்தை அதுவரை காத்திருக்காது, டோலியிலேயே பிறந்துவிடும்.

அறை திறந்தாயிற்று. கட்டில்கள் காலியாகக் கிடந்தன.

கூட்டத்துக்குக் கூட்டம் இதற்கு ஒரே விளக்கம்தான் வரும்: விழிப்புணர்வு இல்லை. உடனே விழிப்புணர்வு முகாம் போடச் சொல்வார்கள். போட்டோம். படம் காட்டினோம். எல்லாரும் தலையாட்டினார்கள். யாரும் வரவில்லை.

ஒருத்தியை ஜீப்பில் நானே அழைத்து வந்து விட்டேன். மூன்றாவது பிரசவம், ரத்தம் எட்டு கிராமுக்குக் கீழே. மாமியாரும் துணைக்கு வந்தார். காலையில் வந்தவர்கள் சாயங்காலம் பார்த்தால் இல்லை. மறுநாள் மேலேறி வீட்டுக்குப் போனேன். வாசலில் சாமையைப் புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிறு முறத்தில் இடித்தது.

"ஏம்மா வந்துட்ட? அங்க யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல நர்சம்மா. சின்னவன் ராத்திரி அழுவான்."

"மாமியார் பாத்துக்க மாட்டாங்களா?"

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அவங்களத்தான என்கூட வரச் சொன்னீங்க?"

விதிமுறையில் துணைக்கு ஒருவர் என்று இருந்தது. கைக்குழந்தையையும் சின்னப் பிள்ளைகளையும் அழைத்து வரக்கூடாது என்று இருந்தது. இரண்டும் தனித்தனியே நியாயம். சேர்த்து வைத்தால், வீட்டில் பிள்ளையைப் பார்க்கக்கூடிய ஒரே ஆளையும் அறைக்கு வரவழைத்துவிட்டு, பிள்ளையை மட்டும் வீட்டிலேயே விடச் சொல்கிறது. புருஷன் கர்நாடகாவில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தான். அந்த வீட்டில் மாடு ஒன்று, ஆடு நாலு, பிள்ளை இரண்டு, மேலே அறுப்புக்கு நின்ற சாமை. அவளுக்கு விழிப்புணர்வுக் குறை எதுவும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் திரும்பிப் போயிருக்கிறாள்.

அதன்பிறகு செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் கூட வரலாம் என்று மருத்துவ அதிகாரி வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்டார். கட்டிலில் படுக்கப் பயந்தவர்களுக்குத் தரையில் பாய் போட்டோம். ஒன்பதாம் மாச வயிற்றோடு உயரமான இரும்புக் கட்டிலில் ஏறி இறங்குவது எளிதல்ல. பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை போட்டு மூன்று கல் அடுப்பு வைத்துக்கொள்ள விட்டோம். கொடுக்கிற சாப்பாடு நல்ல சாப்பாடுதான். ஆனால் மாமியார்க்காரி தன் கையால் கேழ்வரகுக் களி கிண்டி மருமகளுக்குப் போட்டால்தான் அவருக்கு அங்கே வேலை இருக்கிறது. வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள்தான் முதலில் "வா போலாம்" என்று கிளம்புவார்கள்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அறுப்புக் காலத்தில் மட்டும் மறுபடி குறையும். சாமை அறுப்பை யாரும் தள்ளிப்போட முடியாது.

*

உலகத்தில் இது புது யோசனை இல்லை. கியூபாவில் 1962லேயே கர்ப்பிணிகள் தங்கும் தாய்மை இல்லங்களை நாட்டுப்புறத்துப் பெண்களுக்காகத் தொடங்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் 1996ல் பல நாடுகளின் அனுபவத்தைத் திரட்டி ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டது. நம் பக்கத்தில் ஒடிசாவில் பழங்குடி வட்டாரங்களில் 'மா கிருஹ' என்ற பெயரில் நடத்துகிறார்கள். எத்தியோப்பியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் காபி வறுத்து, இடித்து, சுற்றி உட்கார்ந்து குடிக்கும் அவர்கள் ஊர்ச் சடங்கையும் உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எங்கள் தகரக் கொட்டகைதான் நினைவுக்கு வந்தது.

பிரசவத்தில் தாய் சாவதற்குக் காரணமாக மூன்று தாமதங்களைச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவெடுக்கத் தாமதம், போய்ச் சேரத் தாமதம், போன இடத்தில் வைத்தியம் கிடைக்கத் தாமதம். பயிற்சி வகுப்பில் இந்த மூன்றையும் மனப்பாடம் செய்ய வைப்பார்கள். காத்திருப்பு அறை இரண்டாவது தாமதத்துக்கான மருந்து. ஆனால் அந்த அறைக்கு வந்து சேருவதற்கே முதல் தாமதத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அதைத் தாண்ட வைப்பது கட்டடமும் இல்லை, கட்டிலும் இல்லை.

*

நம் ஊரில் காத்திருப்பு அறை காலங்காலமாக இருக்கிறது. அதற்குத் தாய்வீடு என்று பெயர்.

ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளைகாப்பு, சீமந்தம். கலவைச் சாதம் கட்டிக்கொண்டு பெண் வீட்டார் வருவார்கள். கை நிறைய வளையல் அடுக்கி, நலங்கு வைத்து, பெண்ணை அழைத்துக்கொண்டு போவார்கள். முதல் பிரசவம் தாய்வீட்டுச் செலவு. இதில் சாங்கியம் எவ்வளவோ இருக்கட்டும். உள்ளே இருக்கிற ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். வேலை செய்தே ஆகவேண்டிய வீட்டிலிருந்து அவளைப் பிரித்து, வேலை வாங்க மனம் வராதவர்கள் வீட்டில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அரசாங்கமே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. அங்கன்வாடி ஊழியர்கள் வரிசைத்தட்டு எடுத்து வந்து வளையல் போடும்போது, தாய்வீட்டில் யாருமில்லாத பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் இரண்டாவது பிரசவத்தில் வருகிறது. இரண்டாவதுக்குச் சீமந்தம் கிடையாது. அழைத்துப் போனாலும் போவார்கள், போகாமலும் இருப்பார்கள். அதற்குள் இவளுக்கு ஒரு பிள்ளை, ஆடு மாடு, ரேஷன் கடை, மகளிர் குழுத் தவணை என்று சொந்தமாக ஒரு குடும்பம் வந்திருக்கும். மூன்றாவது என்றால் வெட்கம் வேறு சேர்ந்துகொள்ளும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987ல் தொடங்கியது. கூலி இழப்பையும் சத்துணவுச் செலவையும் ஈடுகட்ட 2006ல் 6,000 ரூபாய், 2011ல் 12,000, 2018ல் 18,000 என்று தொகை உயர்ந்தது. அது இரண்டு பிரசவம் வரைக்கும்தான். ஆக, சோகையும் களைப்பும் கூடி, குழந்தை சீக்கிரம் வெளிவந்துவிடுகிற மூன்றாம் நாலாம் பிரசவத்தில் தாய்வீடும் இல்லை, தொகையும் இல்லை. என் சிவப்பு மைப் பெயர்களில் பெரும்பாலும் இவர்கள்தான் இருப்பார்கள்.

அவர்களுக்காக அட்டையின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதும் பழக்கம் வைத்துக்கொண்டேன். பிள்ளை யாரிடம், ஆடு மாடு யாரிடம், சமையல் யார், கூட வருவது யார். நாலுக்கும் நேரே ஆள் பெயர் வரவேண்டும். "பாத்துக்கலாம்" என்று சொன்னால் எழுத மாட்டேன். சொன்ன ஆளைத் தேடிப் போய், "இன்ன தேதியிலருந்து இவ வீட்டு ஆட்ட நீதான் ஓட்டிம்போவணும், சரியா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வருவேன். இது சுகாதாரத் துறை வேலையா என்று கேட்டவர்கள் உண்டு. ஆட்டுக்கு ஆள் கிடைத்தபிறகு வராமல் போனவள் அநேகமாக இல்லை.

*

பட்டுத்தறிக்காரர்கள் கதை வேறு மாதிரி. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியை ஆற்றுக்கு அந்தப்பக்கம் நெசவுக் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். ஒன்பதாம் மாசம் ஆகியும் அனுப்பவில்லை என்று தாயார் என்னிடம் வந்து அழுதார். என் எல்லை இல்லைதான். இருந்தாலும் அவரோடு போனேன்.

நடு வீட்டில் குழித்தறி. புருஷன் குழிக்குள் காலை விட்டு நெய்துகொண்டிருந்தார். வலது பக்கம் பலகையில் அவள். கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு மூன்று நாடா. ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா எறிய இன்னொரு ஆள் உட்கார்ந்தே தீர வேண்டும். அவள் கை நாடாவை வாங்கி எறிந்து வாங்கி எறிந்து போய்க்கொண்டிருந்தது. கீழே தொங்கிய கால் இரண்டும் கொலுசு பதிகிற அளவுக்கு வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. ரத்த அழுத்தம் பார்த்தேன். 140க்கு 90 என்பதே எங்களுக்கு எச்சரிக்கை மணி. மேல் அளவு 150ஐத் தாண்டியிருந்தது.

"இவங்க இங்க இருக்கக்கூடாதுங்க. வலிப்பு வந்தா தாயும் பிள்ளையும் ரெண்டு பேருக்கும் ஆபத்து."

அவர் தறியை நிறுத்தினார். கெட்ட மனிதர் இல்லை. முகம் வெளிறிப் போயிற்று. "தை மாசக் கல்யாணத்துக்கு ஆர்டர்ங்க. முதலாளிகிட்ட முன்பணம் வாங்கியாச்சு. இந்தப் பாவுல இன்னும் ஒரு சேலை மிச்சம் கீது. கரைக்கு ஆள் யாருங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ரத்த அழுத்தத்தைப் பற்றி எத்தனை தரம் சொல்லியும் பிரயோஜனமில்லை. எதிர்வீட்டில் தறி காலியாக இருந்தது. பாவு வரக் காத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பையன் அரை நாள் வந்து உட்கார்வதாகவும், கூலியில் இவ்வளவு என்றும் பேசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பேசியது முழுக்க நாடாவைப் பற்றித்தான். பேசி முடித்ததும் அவரே ஆட்டோ கொண்டுவந்தார். அவளைத் தாலுகா ஆஸ்பத்திரியைத் தாண்டி நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். குழந்தை எடை குறைவாகப் பிறந்தது. இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

*

தாய்வீடே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் இருளர் குடும்பங்கள் நிறைய. பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளை சீசன். முன்பணம் வாங்கிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியுமாகச் சூளைக்குப் போவார்கள். வெயிலுக்கு முன் முடிக்க நடு ராத்திரி தாண்டியதும் எழுந்து மண் குழைத்துக் கல் அறுப்பார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று ஜோடிக்குக் கூலி. பெண் போய்விட்டால் ஜோடி உடைந்தது. கடன் அப்படியே நிற்கும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்தது. முன்பணம் என்ற பெயரில் அது வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

இவர்களிடம் என் கேள்வியைக் கேட்டபோது ஒருத்தி சிரித்துவிட்டாள். "வீட்ல யாரு இருக்கான்னா? வீடே இல்லியேம்மா." ஓலைக் குடிசை, அம்மாவும் அப்பாவும் அதே சூளையில் இன்னொரு முன்பணத்தில். அவளுக்கு ரேஷன் அட்டை இல்லை, ஆதாரில் பழைய ஊர். கர்ப்பத்தைப் பதிவு செய்து எண் வாங்கினால்தான் பிறகு குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வரை எல்லாம் நடக்கும். அதற்கே அலைந்தோம். முன்கூட்டியே வந்து தங்கு என்றபோது அவள் பயந்தது சூளை மேஸ்திரிக்கு மட்டுமல்ல. "அங்க எங்கள யாராச்சும் திட்டுவாங்க. தனியா இருக்க மாட்டேன்." பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதலே உண்டு. அதைச் சொல்லி அவள் அத்தையைக் கூட அனுப்பினோம். மேஸ்திரியிடம் பேசினோம். அவருக்குச் சட்டத்தைவிட, சூளையில் ஒரு தாய் செத்தால் கலெக்டர் ஆபீசிலிருந்து விசாரணை வரும் என்பது சட்டென்று புரிந்தது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் மரணமும் தணிக்கைக்கு வரும். அந்தப் பயம் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கைத்தடி.

*

திருமுக்கூடல் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்கள். வீரராஜேந்திர சோழன் காலத்தது, 1069ஐ ஒட்டியது. கோயிலோடு சேர்ந்த கல்விச்சாலையையும் மாணவர் விடுதியையும் 'வீரசோழன்' என்ற பெயருள்ள ஆதுலர்சாலையையும் பற்றி அதில் விவரமாக வெட்டியிருக்கிறார்கள். ஆதுலர்சாலை என்றால் ஆஸ்பத்திரி. 15 பேர் படுத்து வைத்தியம் செய்துகொள்ள இடம். ஒரு மருத்துவர், அறுவை வைத்தியம் செய்ய ஒருவர், மூலிகை பறித்து விறகு கொண்டுவந்து மருந்து தயாரிக்க இரண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள், நாவிதர் ஒருவர். வருஷத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. அது பிரசவ ஆஸ்பத்திரி இல்லை; கோயில் ஊழியர்களுக்கும் மாணவர்களுக்குமானது.

அதைப் பற்றி எனக்கு விளக்கியவர் மருந்துப் பட்டியலைத்தான் பெருமையாகச் சொன்னார். நான் கவனித்தது வேறு. படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு ஒரு நாழி அரிசி. ராத்திரி முழுக்க எரிய ஒரு விளக்குக்கு எண்ணெய். வைத்தியருக்குச் சம்பளம் எழுதின அதே கல்லில் இதற்கும் நெல்லும் காசும் ஒதுக்கியிருக்கிறார்கள். எழுதியவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது: கூரை போட்டதனால் மனிதன் வந்து படுத்துவிட மாட்டான். படுத்திருக்கிற நாளில் அவன் சோற்றுக்கும் இருட்டுக்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டும். நாம் கட்டுகிற அறைகளின் திட்ட மதிப்பீட்டில் கட்டிலுக்கும் டைல்ஸுக்கும் தொகை இருக்கும். அவள் விட்டுவிட்டு வரும் வீட்டுக்கு ஒரு வரி கூட இருக்காது.

*

புயல் வரும்போது மட்டும் இது தானாக நடக்கும். 2020 நவம்பரில் நிவர் வந்தபோது, பிரசவத் தேதி நெருங்கிய கர்ப்பிணிகளைப் பட்டியலெடுத்து முன்கூட்டியே ஆஸ்பத்திரிகளில் சேர்த்தார்கள். அன்றைக்கு யாருக்கும் விழிப்புணர்வு முகாம் தேவைப்படவில்லை. காரணம், புயலுக்கு முன்தினம் எல்லார் வீட்டிலும் எல்லாரும் இருந்தார்கள். குவாரி ஓடவில்லை. பிள்ளையைப் பார்க்க அப்பன் இருந்தான். வார்டு நிரம்பியது. அந்த இரண்டு மூன்று நாளில் சாதாரண பிரசவ வார்டுகளெல்லாம் காத்திருப்பு இல்லங்களாகிவிட்டன.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி 2019–21ல் தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனைகளில்தான். ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய் மரணம் 2018–20ல் 54, நாட்டுக்கு 97. இதைச் சொல்லி, இனிச் சமவெளியில் காத்திருப்பு அறை எதற்கு, அது மலைக்குப் போதும் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இங்கே இதுவரை அந்த அறை தேவைப்படாததற்குத் தாய்வீடு இருந்ததுதான் காரணம். அந்தத் தாய்வீடு இப்போது காலியாகிக்கொண்டு வருகிறது.

என் கடைசி வருஷங்களில் வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்த பெண்களைப் பார்க்கப் போனால் கதவு சாத்தியிருக்கும். தட்டினால் கர்ப்பிணியே வந்து திறப்பாள். அம்மா எங்கே என்றால் கம்பெனிக்கு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையில் வேன் வந்து ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. இளம்பெண்கள் இயந்திரத்தில், நாற்பது நாற்பத்தைந்து வயதுக்காரர்கள் கேன்டீனிலும் துப்புரவிலும். இவளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அம்மாவுக்கு வயதே நாற்பத்திரண்டுதான். ஷிப்டு முடிந்து வர ராத்திரியாகும். அப்பா குவாரி லாரியில். பாட்டி இருந்தால் உண்டு. பிரசவத்துக்கு அனுப்பி வைத்த மாமியார் வீட்டிலும் இதே கதைதான். தேதிக்கு நாலு நாள் முன்னால், நிறைமாசக்காரி ஒருத்தி டிவியைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் வீடுகள் எத்தனையோ என் பகுதியில் இருந்தன. அவளுக்குப் பனிக்குடம் உடைந்தால் 108ஐ அவளேதான் கூப்பிட வேண்டும்.

சம்பாதிக்கப் போகிற பெண்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போனவள்தான். மகப்பேறு நலச் சட்டத்தை 2017ல் திருத்தி 26 வாரச் சம்பள விடுப்பு கொடுத்தார்கள். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். நல்ல சட்டம். ஆனால் அது பிள்ளை பெறுகிறவளுக்கு. அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அம்மாவுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு நாள் கூட இல்லை. மகள் பிரசவத்துக்கு லீவு கேட்டால் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்.

இப்போது வேலைக்கு வந்திருக்கும் இளம் செவிலியர்கள் சில நேரம் போன் செய்வார்கள். எங்கள் நிலையத்தில் தங்கும் அறை வரப் போகிறது அக்கா, எத்தனை கட்டில் கேட்கலாம் என்பார்கள். கட்டில் எண்ணிக்கையைக் கடைசியில் எழுதுங்கள் என்பேன். முதலில், வரப்போகிறவர்களுக்கு எத்தனை சின்னப் பிள்ளைகள் என்று எண்ணி, அவர்கள் படுக்க இடம் கேளுங்கள். கூட வருகிறவர் சமைக்க ஓர் அடுப்பு கேளுங்கள். அம்மாவுக்குப் பத்து நாள் கூலியை யார் தருவது என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். மறுத்தால் மறுக்கட்டும், கேட்டது கோப்பில் இருக்கும். இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் இரண்டு கட்டில் போதும், வாரத்தில் ஏழு நாளும் நிறைந்திருக்கும். பதில் வராவிட்டால் இருபது கட்டில் போட்டாலும் பழைய ரெஜிஸ்டரும் உடைந்த நாற்காலியும் வைக்க நல்ல இடமாகப் பயன்படும்.